என் பெயரில் ஐந்து பேர்

சாய்ராம் மலையிலிருந்து இறங்கி நேராகக் கடைக்குள் வந்தபோது அவன் முன்கையில் பொங்கல் காய்ந்து ஒட்டியிருந்தது. மடைப்பள்ளி வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய்க் குளித்து, பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் என் கடைப் பக்கம் வருவான். அன்று ஈர வேட்டியோடு வந்து மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தட்டினான். எழுந்து ஐந்தாம் நம்பருக்குப் போய் அங்கேயும் தட்டினான். இரண்டிலும் ஒரே சிவப்பு எழுத்து. காலையில் கூட ஆடும் கல்பனா போன் போட்டுச் சொன்னதை அவன் நம்பவில்லை போலிருக்கிறது. இப்போது நம்பினான். "நம்ம அஞ்சு பேரையும் வெளிய தள்ளிட்டா நைனா," என்றான். வீட்டில் அவன் பேச்சு வேறு. கடைக்குள் வந்தால் எங்கள் பேச்சு பாதி கலந்துவிடும். என்னை நைனா என்று கூப்பிட அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எல்லோரும் கூப்பிட்டார்கள், அவனும் கூப்பிட்டான்.

அது இரண்டாயிரத்து ஆறு. ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு வயது அறுபத்தைந்து. அதற்கு முன்னால் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை சுமந்தவன் நான். ஒரு மூட்டை சரிந்து விழுந்து இடது கால் மடங்காமல் போனது. ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் தொண்ணூற்று இரண்டில் எஸ்.டி.டி. பூத் கொடுத்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது பெரிய உத்தியோகம். கண்ணாடிக் கதவு போட்ட மரக்கூண்டு, அதன் தலையில் சிவப்பு எண் ஓடும் மீட்டர், வெளியே ஸ்டூலில் நான். மொட்டை போட வந்த ஆந்திராக்காரர்கள் தலையில் சந்தனம் காய்வதற்குள் வரிசையில் நிற்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது கேட்காது, முகம் மட்டும் தெரியும். பதினாலு வருஷம் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே குலுங்கிக் குலுங்கி அழுகிறவன் வெளியே வந்ததும் மீதிச் சில்லறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கிக்கொண்டு போவான். யாரையும் நம்பக் கூடாது என்பதை நான் அந்தக் கண்ணாடியில்தான் படித்தேன்.

செல்போன் வந்ததும் பூத் காற்று வாங்க ஆரம்பித்தது. ஒன்பது கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். கூண்டை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. 'ஏழு கோட்டை' என்ற அந்த விளையாட்டு அப்போது வந்ததுதான். ஐந்து பேர் ஒரு கட்சி, எதிரே ஐந்து பேர். எதிரில் இருப்பவன் குண்டூரில் இருப்பான், மதுரையில் இருப்பான். கோட்டைகள் மட்டும் ஹைதராபாத்தில் ஒரு கம்பெனியின் சர்வருக்குள் இருந்தன. அந்த சர்வருக்குள் விட்டால்தான் ஆட்டம். அதைச் செய்த பையன்கள் நினைத்தால் ஒரு வாரம் பூட்டி வைப்பார்கள், புதுச் சட்டம் போடுவார்கள். இவர்கள் இங்கே உட்கார்ந்து திட்டுவார்கள். திட்டிவிட்டுத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போவார்கள்.

எங்கள் ஐந்து பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். மலைக்கோயில் மடைப்பள்ளி சாய்ராம் தலைவன். ஐந்து அடுப்பை ஒரே நேரத்தில் கவனிக்கிறவன், ஆட்டத்திலும் அப்படித்தான், எந்த மூலையில் எது அடிபிடிக்கப் போகிறது என்று முன்னாலேயே தெரியும். கல்பனா பத்திர ஆபீசுக்கு எதிரே டைப் அடிக்கிறவள், அவள் விரல் வேகத்துக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. பொதட்டூர்பேட்டையில் லுங்கித் தறி ஓட்டும் நாகேந்திரனும், அவன் பாவா என்று கூப்பிடும் இரண்டு மச்சான்களும் மீதி மூன்று பேர். தறிச் சத்தத்தில் பேசிப் பழகியவர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவனையும் பக்கத்துத் தெருவில் இருப்பவனைப் போலத்தான் கூப்பிடுவார்கள். டீக்கடைக்காரர் இரண்டு முறை சண்டை என்று நினைத்து ஓடி வந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்களுக்கு ஒரு பெரிய ஆட்டம் இருந்தது. தென்னிந்தியா முழுக்க எட்டுக் கட்சிகள்தான் மிச்சம். ஜெயித்தால் ஹைதராபாத் போகலாம். கிருத்திகைக் கூட்டம் சேரும் நேரத்தில் சாய்ராம் குடும்பத்துக்குள் நாள் பிரித்துச் செய்யும் மடைப்பள்ளி முறையைப் பெரியப்பா மகனிடம் மாற்றிக் கேட்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் முறையை மாற்றிக் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஆவணியிலிருந்து முழு முறையும் அவன் தலையில். அதற்கப்புறம் இப்படி உட்கார நேரம் கிடைக்காது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தறிக்காரர்கள் மூன்று பேரும் வந்து நின்றார்கள். கல்பனாவும் வந்து அந்தச் சிவப்பு எழுத்தைப் படித்துச் சொன்னாள். "ஒரே ஆளு அஞ்சு பேரா வந்து ஆடிகினு கீறாராம். ஏமாத்து வேலையாம். அதான் பூட்டிட்டாங்க." கொஞ்சம் கீழே போய் மறுபடியும் படித்தாள். "பேரு ஜெகநாதன். வயசு அறுபத்தஞ்சு."

ஜெகநாதன் நான்தான்.

ஐந்து பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாகேந்திரன் மட்டும் சிரித்துவிட்டான். "ஆறு மொகம், பன்னெண்டு கை மேல மலையிலதான்னு நெனைச்சிகினு இருந்தேன். கீழ இங்க ஒண்ணு குந்திகினு கீதே." யாரும் கூடச் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். கம்ப்யூட்டர் மாட்ட வந்த ஆளிடம் அவர்கள் ஐந்து பேருக்கும் ஆட்டத்தில் பதிவு செய்யச் சொன்னபோது, ஐந்திலும் என் பெயர், என் விலாசம், என் பிறந்த தேதி போடச் சொன்னது நான். ஆட்டத்துக்குள் தெரியும் பட்டப்பெயரை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். உள்ளே பதிவில் இருந்தது நான். பாஸ்வேர்டு எழுதிய சீட்டில் ஒன்றை அவர்களிடம் கொடுத்து, ஒன்றை என் மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். போலீஸ் வந்து கேட்டால் எல்லாம் என் கையில் இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று அன்று சொன்னேன். அது பாதி. பஸ் ஸ்டாண்டில் முருகவேல் புதிதாகக் கடை போட்டிருந்தான். ஏ.சி. வேறு. இந்த ஐந்து பேரும் நாளைக்கு அங்கே எழுந்து போய்விட்டால்? பெயர் என்னுடையது என்றால் போக முடியாது. அதுதான் மீதிப் பாதி.

சாய்ராமுக்குக் கோபம் கம்பெனி மேல்தான் வந்தது. கட்டினவர்கள் அவர்கள்தான், இல்லை என்று யார் சொன்னது, ஆனால் இரண்டு வருஷமாக அதற்குள் நடமாடினவர்கள் நாம்தானே என்றான். முறைக்காரனை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே நிறுத்தும் வழக்கம் எந்த இடத்திலும் கிடையாது என்றான். கல்பனா அவனைப் பேச விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"ஊருல இருக்கிறவன் வூடு, நெலம் எல்லாத்துக்கும் நான்தான் பத்திரம் டைப் அடிக்கிறேன் நைனா. எம்பேருல எதுவும் கிடையாது. இது ஒண்ணு கீதுன்னு நெனைச்சிகினு இருந்தேன். அதுவும் உங்க பேருதானா?"

கம்பெனி நம்பரை எழுதிக் கொடுக்கச் சொன்னேன். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஹைதராபாத்துக்குப் போட்டேன். எங்கள் வீட்டில் தெலுங்குதான், அதனால் பேச்சுக்குப் பயம் இல்லை. இரண்டு பேர் கை மாறி, மூன்றாவதாக நாகேஷ் என்று ஒருத்தன் வந்தான். "மீரு எவரண்டி?" என்றான். நீங்கள் யார் என்று கேட்கிறான். அவன் கணக்கில் நான்தானே ஐந்து பேரும்.

விஷயத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. இந்த மாதத்தில் இப்படிச் சொன்ன ஏழாவது ஆள் நான் என்றான். வேறு ஊரில் ஒரு கடைக்காரர் இருபது பெயர் வைத்துக்கொண்டு ஆட்டத்தை விற்றாராம். தோற்றவர்கள் இவனுக்குப் போன் போட்டுத் தாயைப் பழித்துத் திட்டுகிறார்களாம். பூட்டினால் பூட்டப்பட்டவர்கள் திட்டுகிறார்கள், திறந்தால் மற்றவர்கள் திட்டுகிறார்கள் என்றான். தூங்காதவன் குரல். நான் கொஞ்சம் ஏறிப் பேசினதும் அவனும் ஏறினான். "சர்வர் எங்களுது தாத்தா. உள்ள விடறதும் விடாததும் எங்க இஷ்டம்."

தொண்ணூற்று ஆறில், தாயாரம்மாள் என்று ஒரு பெண் சூரத்தில் இருந்த புருஷனோடு பேச வருவாள். பேசினால் விடமாட்டாள், வரிசை நிற்கும். ஒரு நாள் இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். கூண்டு என்னுது, விடறதும் விடாததும் என் இஷ்டம் என்றேன். அவள் அதற்கப்புறம் எங்கே போய்ப் பேசினாளோ தெரியாது.

கடைசியில் நாகேஷ் ஒரு வழி சொன்னான். ஐந்து பேர் பெயரையும் எழுதி, அவை என்னுடையவை இல்லை, என் பெயரைப் போட்டது நான்தான், அவர்களுக்குத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டு பேக்ஸ் அனுப்ப வேண்டும். ஐந்து பேர் குரலையும் அவன் போனில் கேட்க வேண்டும். சரியாக இருந்தால் அவர்களை அவர்கள் பெயரிலேயே உள்ளே விடுவான். ஆனால் என் கடை இன்டர்நெட் லைனைத் திறக்க மாட்டான். ஒரே ஆள் ஐந்து பெயர் வைத்திருந்த இடம் அது, இனி அங்கிருந்து யாரும் வர முடியாது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

அன்றைக்கு முழுக்க முருகவேல்தான் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. இருந்தாலும் நினைத்தேன், அது எனக்குப் பழக்கம். மேஜையைத் திறந்து அந்த ஐந்து சீட்டையும் எடுத்துப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்தே தெரியவில்லை. கல்பனா சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை அவளை வரச் சொன்னேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் அடித்தாள். ஐந்து பேர் பெயரும் அப்பா பெயரோடு. நாகேந்திரனின் பெரிய பாவா பெயர் ஜம்புலிங்கம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அச்சடித்து என் முன்னால் வைத்தாள். என் பழக்கம் அவளுக்குத் தெரியும். எந்தக் காகிதமானாலும் ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேரை விட்டு, இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. பூத் காகிதத்தைக்கூட அப்படித்தான் கேட்டேன். அவளாகவே ரோட்டில் போகும் யாரையாவது கூப்பிட எழுந்தாள்.

"படிக்கச் சொல்லட்டா நைனா?"

"வேணாம். எங்க போடணும், காட்டு."

விரல் வைத்துக் காட்டினாள். போட்டேன். அவள் அந்தக் காகிதத்தை உடனே எடுக்கவில்லை.

சாயங்காலம் நாகேஷ் கூப்பிட்டான். ஒருவர் பின் ஒருவராகக் கூண்டுக்குள் போனார்கள். நான் பழைய ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தறிக்காரர்களின் குரல் மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டது, அந்தக் கூண்டின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. கல்பனா தலையை ஆட்டி ஆட்டி ஏதோ திருத்தினாள். சாய்ராம் நிறைய நேரம் பேசினான். நடுவில் ஒரு முறை என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வந்து, "உங்க கடையிலேருந்தே ஆட விடுங்கோன்னு கேட்டேன். முடியாதுங்கறான்," என்றான். முருகவேல் கடையில் இடம் இருக்கும், போய்ச் சொல்லி வை என்றேன். பேண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கடையை விட்டு இறங்கிப் போனான்.

ஏழு கோட்டை இப்போது இல்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் அந்தக் கம்பெனி ஒரு நாள் மொத்தமாக நிறுத்திவிட்டது என்று கேள்விப்பட்டேன். சர்வரை அணைத்தால் கோட்டை எங்கே போகும் என்று சாய்ராமைக் கேட்டேன். எங்கயும் போகாது நைனா, இருந்தாத்தானே போறதுக்கு என்றான். என் கடையும் இல்லை, அங்கே இப்போது பேன்சி ஸ்டோர். ஆனால் அந்தச் சனிக்கிழமை எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்கக் கால் இடம் கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு மணிக்கு ஒன்பது கம்ப்யூட்டரும் சும்மா இருந்தன. மூன்றாம் நம்பர் நாற்காலியைச் சாய்ராம் எப்போதும் போல வெளியே இழுத்துப் போட்டிருந்ததை யாரும் உள்ளே தள்ளவில்லை. தெருவில் காவடிக்காரர்கள் பம்பை அடித்துக்கொண்டு போனார்கள்.

நாலு அடித்துப் பத்து நிமிஷம் இருக்கும். கூண்டுக்குள் போன் அடித்தது. போய் எடுத்து அலோ என்றேன். பதில் இல்லை. வைக்கப் போனேன். அப்போது உள்ளே தூரத்தில் ஒரு பெரிய குரல் "பாவா, மேக்கால வர்றான் பாவா" என்றது. தட்டுகிற சத்தம், மழை மாதிரி. கல்பனா யாரையோ அதட்டினாள். சாய்ராம் ஒரே ஒரு வார்த்தை சொன்னான், எல்லோரும் அடங்கினார்கள். யாரோ நம்பரைப் போட்டுவிட்டு ரிசீவரைப் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். யார் என்று கடைசி வரைக்கும் நான் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

பம்பைச் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. கண்ணாடிக் கதவை உள்ளேயிருந்து சாத்திக்கொண்டேன். காலை நீட்ட அங்கே இடம் இல்லை. சாய்ந்து நின்றபடி ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டேன். வருகிற போனுக்கு மீட்டர் ஓடாது. தலைக்கு மேலே அந்தச் சிவப்புப் பூஜ்யங்கள் அப்படியே நின்றுகொண்டிருந்தன.