கை நனைக்காத விருந்தாளி

ரங்கூன் முகல் தெருவில், டிராம் மணிக்கும் கைரிக்‌ஷாக்காரர்களின் அதட்டலுக்கும் நடுவே, பக்தவச்சலம் ஒரு தேநீர்க் கோப்பையை முறைத்துக்கொண்டு நின்றான். பாலாடை மிதந்தது. ஏலக்காய் மணத்தது. கப்பலில் மூன்று நாள் எதுவும் தங்காத வயிறு அதைப் பார்த்துக் கெஞ்சியது. ஆனால் வாங்கிக் கொடுத்தவன் தேசப்பன். அதுதான் சங்கடம்.

“கடை டீ தானேடா? என் வூட்டுல காச்சினதா? குடி பாவா,” என்றான் தேசப்பன்.

“பாவான்னு கூப்பிடாத. இன்னும் மச்சான் மொறை ஒண்ணும் ஆவல.”

பக்தவச்சலம் அந்தக் கோப்பையை நண்பன் பக்கமே தள்ளிவிட்டு, தன் கையால் காசு கொடுத்து வேறொன்று வாங்கிக் குடித்தான். தேசப்பன் இரண்டு கோப்பையையும் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். திருத்தணியில் ஒரே தெருவில் வளர்ந்தவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

தேசப்பன் ரங்கூனுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. டிராம் வண்டியில் கண்டக்டர். அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில், ஆடிக் கிருத்திகைக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தான். பூக்காவடி எடுத்தான், மொட்டை போட்டுக்கொண்டான், மலையிலிருந்து இறங்கிய கையோடு நேரே பக்தவச்சலம் வீட்டுக்கு வந்து அவன் தங்கை வரலட்சுமியைப் பெண் கேட்டான். பக்தவச்சலத்தின் தாயார் கெங்கம்மாளுக்குப் பாதி சம்மதம். பையன் தெரிந்த பையன். அதைவிடப் பெரிய விசேஷம், அவனைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து வெகு காலம். மாமியார் இல்லாத வீடு யாருக்குக் கிடைக்கும்? மீதிப் பாதியை ரங்கூன் என்ற பேர் தடுத்தது. பள்ளிப்பட்டுக்காரன் ஒருவன் அங்கே ஒரு குடும்பமும் இங்கே ஒரு குடும்பமுமாக இருந்தது அந்த வட்டாரத்துக்கே தெரிந்த சங்கதி. ஆகவே அம்மையார்குப்பத்துக் கைலி ஒரு மூட்டை கட்டி, வியாபாரம் என்று பேர் சொல்லி, மகனையும் தேசப்பனோடு கப்பலேற்றினாள். ரயிலடியில் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்: “உன் மனசுக்குத் திருப்தியாவற வரிக்கும் அவன் வூட்ல கை நனைக்காத நைனா. நனைச்சிட்டா சம்பந்தம் முடிஞ்சிதுன்னு அர்த்தம்.”

வரலட்சுமி, “நல்லா பாத்துட்டு வாண்ணா,” என்று மட்டும் சொன்னாள். எதைப் பார்க்க வேண்டும் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அன்று முழுதும் தேசப்பன் அவனை டிராமில் ஊர் சுற்ற வைத்தான். திருத்தணியில் கிருத்திகைக்குச் சேருகிற கூட்டம் இங்கே சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கே சேர்ந்திருந்தது. பொன்னாக மின்னிய சூலே பகோடாவைச் சுற்றி டிராம் திரும்பியபோது பக்தவச்சலம் தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. கடை என்று இருந்தால் கல்லாவில் பெண்பிள்ளைதான் இருந்தாள். தலையில் பூ, கன்னத்தில் சந்தனம் மாதிரி ஒரு பூச்சு, வாயில் சுருட்டு. அதில் பாதிப்பேர் தேசப்பனைப் பார்த்துக் கையாட்டினார்கள். ஒவ்வொரு கையாட்டலுக்கும் பக்தவச்சலத்தின் நெஞ்சு ஒரு தரம் திடுக்கிட்டது. பூக்காரியா? சிரிப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே. மீன்காரியா? வயசு தாண்டிவிட்டது, பாதகமில்லை. இந்த வேவுத் தொழிலுக்கு இடையிலும் அந்த ஊர் அவனுக்குப் பிடித்துப்போனதை மறைப்பானேன்? வரலட்சுமி இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து போவதாக நினைத்துப் பார்த்தான். மழைச்சாரல் முகத்தில் அடித்தால் அவள் சிரிப்பாள். நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் தேசப்பனின் அறைக்குப் போனார்கள். மரவீடு, மாடியில் ஒற்றை அறை. பாய், டிரங்குப் பெட்டி, தணிகை முருகன் படம். எல்லாம் சுத்தம். குழாயடிக்குப் போகிறேன் என்று தேசப்பன் கீழே இறங்கியதும் பக்தவச்சலம் கண்ணைச் சுழல விட்டான். ஜன்னல் கட்டையில் ஒரு சீப்பு இருந்தது. ஆமை ஓட்டில் செய்த, அகலப் பல் சீப்பு. எண்ணெய்ப் பிசுக்குக் காயவில்லை. பல்லிடுக்கில் ஒரு முழத்துக்கு நீளமான முடி.

தேசப்பனுக்கு மலையில் இறக்கிய முடி இன்னும் அரை விரல்கூட வளரவில்லை.

பக்தவச்சலம் பாயில் உட்கார்ந்துவிட்டான். பகலெல்லாம் டிராமில் சிரித்துக்கொண்டு வந்த வரலட்சுமியின் முகம் அப்படியே அணைந்தது. ஊருக்குப் போய் என்ன சொல்வது? சீப்பு ஒன்றைப் பார்த்தேன் என்றா? தேசப்பன் துண்டால் தலையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

“மொட்டத் தலைக்கு எதுக்குடா சீப்பு?”

தேசப்பன் வாய் திறக்குமுன் படிக்கட்டு கிறீச்சிட்டது. ஐம்பது வயசைத் தாண்டிய பர்மாக்கார அம்மாள் ஒருத்தி, கதவைத் தட்டாமல், ஈரக்கூந்தலும் சுருட்டுமாக உள்ளே வந்தாள். இவர்கள் இருவரையும் கல்தூண் மாதிரி சுற்றிக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தச் சீப்பை எடுத்துத் தலைவாரத் தொடங்கினாள்.

வீட்டுச் சொந்தக்காரி, பேர் மா தின் என்று தேசப்பன் அசட்டுச் சிரிப்போடு சொன்னான். ஆற்றுக் காற்று இந்த ஒரு ஜன்னலில்தான் வருகிறதாம். தினம் அவள் தலை காய்வது இங்கேதான். வந்த புதிதில் மலேரியாவில் கிடந்தவனுக்குக் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவளும் அவள்தான். அதற்கப்புறம் வாடகைக்குத் தாமதம் சொன்னாலும் திட்டுவாளாம், சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தாலும் திட்டுவாளாம்.

பக்தவச்சலத்துக்கு மூச்சு வந்தது. பசியும் கூடவே வந்தது. ஆனால் மா தின் அவனை விடவில்லை. குடிவந்த தமிழர்களிடம் பொறுக்கிய தமிழில் விசாரணையை ஆரம்பித்தாள். தங்கச்சி காலையில் எழுந்திருக்குமா, மூஞ்சியைத் தூக்கி வைக்குமா, ராத்திரி வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவனை எழுப்பிச் சண்டை போடுமா, கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பொத்துமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எழுந்திருக்கும் என்றான், எப்போதாவது தூக்கி வைக்கும் என்றான். கருவாடு வந்தபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

“இந்தப் பையன் உங்க ஊரு வழக்கம் சொல்லிச்சு. சம்மதம்னா சாப்பிடுவீங்க, இல்லன்னா சாப்பிட மாட்டீங்க,” என்றாள் மா தின். சுருட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். “அதான் நானும் உன்னைச் சாப்பிட கூப்பிடல. நான் இன்னும் சம்மதம் சொல்லல.”

தேசப்பன் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் சிரிப்பில் குலுங்கியது. மாமியார் இல்லாத வீடு என்று அம்மா பூரித்ததைப் பக்தவச்சலம் நினைத்தான். கடல் கடந்து, மாடி ஏறி வந்து பார்த்தால், இதோ உட்கார்ந்திருக்கிறாள், தலைவாரிக்கொண்டு. இதை ஊரில் எப்படிச் சொல்வது? சொன்னால் அம்மா நெஞ்சில் கை வைப்பாள். வரலட்சுமி என்ன செய்வாள்? அவனுக்குத் தெரிந்தவரை, முதலில் சிரிப்பாள். அப்புறம் கருவாட்டைப் பற்றி விசாரிப்பாள்.

கீழே அடுப்பிலிருந்து பருப்பும் வறுத்த மீனும் மணத்தன. மா தின் கூந்தலை முடிந்து சீப்பைச் செருகிக்கொண்டு இறங்கினாள். பின்னால் வா என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் பக்தவச்சலம் இறங்கினான். அவனுக்குப் பின்னால் தேசப்பன் சிரிப்பு அடங்கி வந்தான்.

மூன்று தட்டு வைத்திருந்தது. மா தின் முற்றத்தில் செப்புச் செம்போடு நின்றாள். பக்தவச்சலம் ஓரமாக நின்று, கை நனைக்கத் தயாராக, வலது கையை நீட்டினான். அவள் உடனே ஊற்றிவிடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள், அவனும் பார்த்தான். தெருக்கோடியில் டிராம் மணி அடித்துக்கொண்டு திரும்பியது. செம்பின் விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, விழாமல், விளக்கு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தது.