விளக்கு அறையின் குட்டைக் கதவு

சதஃப் பல் செட் கட்டுகிறவள். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பல் கிளினிக்கின் உள்ளறையில் உட்கார்ந்து, அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகு செதுக்கி, ஊரில் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவள். மீந்த மாவில் மூன்று வருடத்துக்கு முன் விளையாட்டாக ஒரு குட்டிப் பாலம் செய்தாள். அது வளர்ந்து, இப்போது வேங்கிக்கால் வீட்டு மாடியறையில் பொம்மை ரயில் ஓடும் ஒரு ஊராகவே ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜையும் அதற்கே போய்விட்டது.

"நாங்க தரையில சாப்பிடறோம், ரயில் மேஜை மேல ஓடுது" என்பான் கணவன் சல்மான். ஆனால் சிக்னலுக்கு வயர் இழுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

இந்த வருடம் அவள் எடுத்துக்கொண்டது மீட்டர் கேஜ் காலத்துச் சின்ன ஸ்டேஷன் ஒன்று. இன்றைக்கு அந்தக் கட்டடம் இல்லை. ரயில் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரே ஒரு போட்டோதான் ஆதாரம். ஓட்டுக்கூரை, கல் பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சுலபமாக வந்துவிட்டன. பிளாட்பார ஓரத்துச் செங்கல் அறைதான் அவளைப் படுத்தியது. சுவரில் 'விளக்கு அறை' என்று, அதாவது சிக்னல் விளக்குகளை வைக்கும் இடம் என்று, எழுதியிருந்தது. கதவோ, பக்கத்தில் நின்ற ஆளின் தொடை உயரம்தான்.

"இதுல ஆளு எப்படிங்க நுழைவாங்க?"

"தவழ்ந்து போயிருப்பாங்க" என்றான் சல்மான்.

"கையில எரியற விளக்கோடயா?"

குழுவில் கேட்டாள். பாதி அறை மண்ணுக்குள் இருந்திருக்கும் என்றார் ஒருவர். அதை நம்பி உள்ளே இறங்கப் படிகள் செய்து பார்த்தாள். மழை பெய்தால் கிணறாகிவிடுமே என்று தோன்றியது. உடைத்துப் போட்டாள்.

மறுபடி கட்டிய சுவர்களைக் காய்வதற்காகக் கிளினிக்கின் உள்ளறையிலேயே, பல் செட்டுகளுக்கு நடுவே தட்டில் வைத்திருந்தாள். அன்றைக்குக் கீழ்ப்பல் அளவு பார்க்க வந்த பொன்னி என்ற அறுபது வயது அம்மா, வாயைத் திறக்காமல் தட்டிலிருந்த குட்டைக் கதவையும் 'விளக்கு அறை' எழுத்தையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க ஸ்டேஷனாச்சே. எங்கப்பா அங்க தண்டவாளம் மாத்திவிடற பாயிண்ட்ஸ்மேனா இருந்தார்."

சதஃப் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "அம்மா, அந்த விளக்கு அறைக்கு ஏன் இவ்ளோ குட்டைக் கதவு?"

பொன்னிக்குச் சிரிப்பு வந்தது. பல்லில்லாத வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

"அது ஆட்டுக் கொட்டாய்ம்மா. கிடந்த செங்கல்லை வெச்சு அப்பா கட்டினாரு. திடீர்னு ஒருநாள் பெரிய அதிகாரி செக்கிங் வர்றாருன்னு சேதி. இடிக்க டைம் இல்ல. சுண்ணாம்பு அடிச்சு, 'விளக்கு அறை'ன்னு எழுதி, கதவைச் சாத்திட்டாரு."

"அந்த அதிகாரி கண்டுபிடிக்கலையா?"

"முன்னாடி வந்து நின்னாரு. உள்ளேர்ந்து ஆடு கத்திடுச்சு. அவர் எழுத்தைப் பார்த்தாரு, கதவைப் பார்த்தாரு. 'உங்க விளக்குக்குத் தழை போடுங்கப்பா'ன்னுட்டுப் போயிட்டாரு."

சதஃப் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன ஏது என்று டாக்டரே வந்து எட்டிப் பார்த்தார். அப்புறம் அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எத்தனை ஆடு? ரெண்டு. என்ன நிறம்? ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செம்பழுப்பு. ஒவ்வொன்றையும் நோயாளிச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டாள். திடீரென்று பேனா நின்றது.

"அப்போ நிஜ விளக்கையெல்லாம் எங்கேம்மா வெச்சிருந்தாங்க?"

இத்தனை வருடத்தில் பொன்னி அதை யோசித்ததே இல்லை.

"இரு, வேலூர்ல எங்கக்கா இருக்கு. அதுக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே பையில் போனைத் தேடினார். சதஃப் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.