சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்

என் அண்ணன் மகள் சுவேதா போன மாதம் வரை சின்னப் பிள்ளையாக இருந்தாள். முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன், கல்யாணம் என்றால் ஒரு பெண்ணைத்தான் பண்ணிக்கொள்வேன் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அண்ணி சிரிப்பாள். "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்!"

அப்புறம் ஒரு சனிக்கிழமை அவள் வயதுக்கு வந்தாள். ஒரே நாளில் பெரிய மனுஷியாகிவிட்டாளாம். தெருவில் கிரிக்கெட் கூடாதாம். குருபரப்பள்ளியில் அண்ணன் வீட்டு மாடியில் அவள் தாய்மாமன் வெங்கடப்பன் தென்னை ஓலையால் குடிசை கட்டி, ஒன்பது நாள் அவளை அதற்குள் உட்காரவைத்தார். ஹைவேயோரம் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவள் படத்துக்குப் பக்கத்தில் மாமன் மகன் இளம்பரிதி. முறைப்பையனாம். அவனுக்கு இன்னும் மீசைகூட முளைக்கவில்லை.

போச்சம்பள்ளியில் நானும் எவாஞ்சலினும் ஒரே கம்பெனி, ஒன்பது வருஷமாக ஒரே வீடு. ஊருக்கு நாங்கள் சிநேகிதிகள். லீவுக்கு வந்த சுவேதாவை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் எங்க அப்பா அம்மா மாதிரிதான அத்த? என்னா, சண்ட மட்டும் போடறதில்ல" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு எவாஞ்சலின், எவா அத்தை.

பத்தாம் நாள் சடங்கு. புடவையும் சவுரியும் வேண்டவே வேண்டாம் என்று நின்றாள் சுவேதா. சுற்றிலும் சொந்தக்காரப் பெண்கள்.

"நீ சொல்லு அத்த. நீ சொன்னா கேப்பாங்க."

அண்ணி என்னையே பார்த்தாள். "இந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சின்னுதான் தெரியல மாதேஸ்வரி."

"சின்னப் புள்ளதான அண்ணி, போகப் போக சரியாயிடும்" என்றேன். என் பன்னிரண்டாம் வயதில் என் அம்மா என்னைப் பற்றிச் சொன்ன அதே பேச்சு. வெட்கங்கெட்ட வாய்.

அவளது கழுத்தளவு முடியில் சவுரியை நான்தான் வைத்துப் பின்னினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஷிஃப்ட் முடிந்து தாம்பூலத் தட்டோடு எவாஞ்சலின் வந்தபோது, அண்ணியின் பெரியம்மா சென்னம்மா சத்தமாகக் கேட்டாள். "யாரும்மா இது?"

சபை திரும்பிப் பார்த்தது. நான் சுவேதாவின் பின்னலைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சுவேதா பட்டென்று சொன்னாள். "அத்தையோட ரூம்மேட் பாட்டி. வாடகை மிச்சமாவும்னு சேந்து இருக்காங்க."

எவாஞ்சலின் தட்டை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பாத்தியா, பெரிய மனுஷி ஆனதும் புள்ளைக்கு எவ்ளோ வெவரம் வந்துடுச்சி!" என்று சென்னம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

வந்துவிட்டதுதான். என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். அதற்கப்புறம் சுவேதா என் பக்கம் திரும்பவே இல்லை.