முளைக்கச் சொல்லும் பொய்

தயாளினி மூன்றாவது கரண்டிப் பாலையும் அப்பாவின் வாயில் விட்டாள். முதலிரண்டைப் போலவே அதுவும் கடைவாயால் வழிந்து தலையணைக்குப் போனது. மூன்று நாளாக வட்டுக்கோட்டையில் பாதிச் சனம் வந்து கடைசிப் பால் பருக்கிவிட்டது. தலையணைதான் கொழுத்துக்கொண்டு வந்தது.

"அண்ணை டினேஸைப் பாக்காமல் போகமாட்டார்," என்றாள் அப்பாவின் தங்கை பத்மாவதி மாமி. "நீயும் டொக்டராம். ஒண்டும் செய்யேலாதோ?"

"நான் களைக்கு டொக்டர், மாமி."

உண்மைதான். புகையிலை வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒரு களையில்தான் அவள் கலாநிதிப் பட்டம் வாங்கியிருந்தாள். அதன் விதை தூசியளவு. மண்ணுக்குள் பதினைந்து வருடம்கூட உறங்கிக் கிடக்கும். பக்கத்தில் ஒரு வேர் வந்து, அதிலிருந்து ஓமோன் என்ற சுரப்பு கசிந்தால்தான் கண் விழிக்கும். வெறும் நிலத்தில் அந்த ஓமோனைத் தெளிப்பது தயாளினியின் வேலை. வேர் வந்துவிட்டதென்று நம்பி விதை முளைக்கும். பற்ற ஒன்றுமில்லாமல் சில நாளில் செத்துப்போகும். விளங்கப்படுத்தியபோது, நாற்பது வருடம் புகையிலை செய்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பொய் சொல்லவோ பிள்ளை உன்னை இவ்வளவு படிப்பிச்சனான்?"

அண்ணன் டினேஸ் சுவிஸில். அகதி வழக்கு முடியாததால் பதினொரு வருடமாக வரமுடியவில்லை. காலையிலிருந்து நாலுதரம் போனில் கதைத்துவிட்டான். அப்பாவிடம் ஓர் அசைவும் இல்லை.

"போனிலை வாற டினேஸ் அவருக்கு வேண்டாம்," என்றாள் மாமி. "வந்திட்டனெண்டு சொல்லச் சொல்லு பிள்ளை. மனிசன் கிடந்து இழுபடுறார்."

அப்பாவின் நெஞ்சுக்கூடு ஏறி, இறங்க மறந்து, பிறகு நினைவு வந்தாற்போல் இறங்கியது. ஆய்வுகூடத்தில் இலட்சக்கணக்கான விதைகளுக்குத் தயாளினி இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறாள். அவற்றில் ஒன்றுகூட அவளைத் தோளில் தூக்கி நல்லூர்த் தேர் காட்டியதில்லை.

அவளுக்கு நித்திரை முட்டியது. போனை எடுத்தாள்.

"அண்ணை, படலையடியிலை நிக்கிறனெண்டு சொல்லு."

"பொய்யோ?"

"ஓம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அவள் போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"அப்பா... நான் டினேஸ். வந்திட்டன். படலையைத் திறவுங்கோ."

இமை அசைந்தது. நெஞ்சு ஏறியது. இறங்கியது. தயாளினி அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. மாமி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி, அப்பா ஏதும் சொன்னவரோ?"

தயாளினி போனைத் தன் காதுக்கு மாற்றினாள்.

"ஓம். சாப்பிட்டியோ எண்டு கேட்டவர்."

"இன்னும் இல்லையெண்டு சொல்லு," என்றான்.

தயாளினி குனிந்து, அப்பாவின் காதுக்குள் அதைச் சொன்னாள்.