மாமனாரும் மழைச் சத்தமும்

ஊரே எழுந்து பல் தேய்க்கும் நேரத்தில் படுக்கப் போகிறவனை யாரும் மதிப்பதில்லை. அவன் அவசரப் பிரிவில் நர்ஸ். எப்போதும் நைட் ட்யூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து போர்வையை இழுத்தானென்றால் கீழ்த்தளத்துப் பட்டறையில் இரும்பை அறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்து பிளாட் குழந்தை கீபோர்டில் ஒரே பாட்டின் முதல் வரியை மட்டும் வாசிக்கும். இரண்டாவது வரி எப்போது வரும் என்று காத்திருந்தே அவனுக்குக் கண் சிவந்துபோனது.

ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர்தான் வழி சொன்னார். "சத்தத்தை நிறுத்த உன்னால முடியாது. அதுமேல இன்னொரு சத்தத்தைப் போர்த்திடு. ஏத்த இறக்கம் இல்லாம ஒரே மாதிரி ஓடணும். மூளை கொஞ்ச நேரம் கேட்டுட்டு, இதுல விஷயம் ஒண்ணும் இல்லேன்னு விட்டுடும்."

போனில் ஒரு ஆப் இறக்கினான். அதில் விதவிதமான மழை இருந்தது. நிற்கிற உத்தேசமே இல்லாத ஒரு பெருமழையைத் தேர்ந்தெடுத்து, சின்ன ஸ்பீக்கரைக் கட்டிலுக்கடியில் குளியலறைச் சுவரோரம் வைத்தான். பட்டறையும் கீபோர்டும் அந்த மழையில் அடித்துக்கொண்டு போயின. கட்டை மாதிரி தூங்கினான்.

அந்தச் சமயம் பார்த்து மாமனார் வந்து சேர்ந்தார். தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், முடியும்வரை மகள் வீட்டில் இருக்கலாம் என்று வந்தவர். வாழ்நாள் முழுக்கக் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். மகள் ஆபீசுக்குக் கிளம்பிப் போனதும், சுவருக்குள் தண்ணீர் ஓடுவது அவர் காதில் விழுந்தது. டம்ளரைச் சுவரில் கவிழ்த்து வைத்துக் கேட்டார். சந்தேகமே இல்லை. மொட்டைமாடிக்குப் போய் மெயின் வால்வை மூடிவிட்டு வந்து கேட்டார். இன்னும் ஓடியது. வால்வை மூடிய பிறகும் ஓடுகிற தண்ணீரை அவர் கண்டதே இல்லை.

சாயங்காலம் மகளிடம் சொன்னார். மாப்பிள்ளை எழுந்து ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்த நேரம். மகள் சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் கேக்கலையேப்பா. எதுக்கும் காது டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

தன் காதைப் பற்றி அப்படி ஒரு பேச்சை அவர் கேட்டதில்லை. மறுநாள் அவள் தலை மறைந்ததும் உளியையும் சுத்தியலையும் எடுத்தார்.

சிறுநீர் கழிக்க எழுந்து வந்த நர்ஸ், குளியலறைச் சுவரில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையைப் பார்த்தான். உள்ளே தலை முதல் கால்வரை சிமென்ட் தூசியோடு மாமனார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"லீக், மாப்பிள்ளை. உள்ள வெள்ளமா ஓடுது. ஆனா குழாய் எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. அதான் புரியல."

"அது என்னோட மழை, மாமா."

ஸ்பீக்கரைக் கொண்டுவந்து காட்டினான். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா டைல்ஸ் பொழைச்சிருக்கும்."

"என்னை எழுப்பிக் கேட்டிருக்கலாமே."

"தூங்குற மாப்பிள்ளையை எழுப்பறது மரியாதை இல்ல."

"சுவரை உடைக்கறது?"

"அது வேலை."

ஆபீசிலிருந்து வந்தவள் இரண்டு பேரையும் வரிசையாக நிற்க வைத்தாள். "ஒருத்தர் வீட்டுக்குள்ள மழை பெய்ய வைக்கறார். ஒருத்தர் வீட்டை இடிக்கறார். நான் எங்க போய்க் குளிக்கறது?" மழைக்கு அன்றோடு தடை விழுந்தது.

ஆப்பில் இருந்த ஃபேன் சத்தம், ரயில் சத்தம் எதையும் அவன் மூளை ஒப்புக்கொள்ளவில்லை. புரண்டு கொண்டே கிடந்தான். மாமனாருக்கு மனசு கேட்கவில்லை. சுவரைப் பூசி முடித்த கையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தான் குழாய் போட்ட கட்டிடங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சண்டையானாலும் சாவானாலும் சிமென்ட்டுக்கு எவ்வளவு மணல் என்பதானாலும் அவருக்கு ஒரே சுருதிதான். முதல் கட்டிடத்துக்கு அஸ்திவாரம் போடுவதற்குள் மாப்பிள்ளை தூங்கிவிட்டான்.

தினமும் அப்படித்தான் நடந்தது. "கண்ணை மூடிட்டுக் கேக்கறாரும்மா, ரசனை உள்ள மனுஷன்" என்று மகளிடம் பெருமைப்பட்டார். ஒரு நாள் பேச்சின் நடுவில், "அந்த ஓனர் என்ன சொல்லியிருப்பான்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் குறட்டை வந்தது. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனவர், அதன் பிறகு வாயையே திறக்கவில்லை.

மறுபடி தூக்கம் போயிற்று. படுத்திருந்த நோயாளியை விட்டுவிட்டு, பார்க்க வந்த அவருடைய அண்ணன் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, பிரஷர் ஏறியிருக்கிறது என்று நர்ஸ் பயமுறுத்தினான். அன்றைக்கே மாமனார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். "உங்க குரல் கேட்டாதான் மாமா தூக்கம் வருது."

"நான் போர் அடிக்கறேன்னுதானே சொல்றீங்க."

"மயக்க டாக்டர் சொன்னாரு மாமா, நிதானமான குரல்னா..."

"சரி. ஒரே ஒரு கதை, முழுசா முழிச்சிருந்து கேளுங்க. அப்புறம் வேணுங்கற அளவு பேசறேன்."

அவன் எழுந்து உட்கார்ந்து, தொடையைக் கிள்ளிக்கொண்டு கேட்டான். ஒரு ஓட்டலின் தண்ணீர்த் தொட்டி. உள்ளே இறங்கி மாமனார் கழுவிக்கொண்டிருக்கும்போது யாரோ மேலே மூடியைப் போட்டுவிட்டார்கள். பிறகு தண்ணீரையும் திறந்துவிட்டார்கள். முழங்கால், இடுப்பு, தாடை.

கிள்ளுவதை அவன் எப்போது நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. "மூடினது யாரு மாமா?"

"உங்க மாமியாரோட அண்ணன். பொண்ணு குடுக்க அவனுக்கு இஷ்டமில்ல." மணல் அளவு சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"அவரா? போன வாரம் நம்ம வீட்டுக்கு வந்தப்போ நீங்கதானே அவருக்கு காபி போட்டுக் கொடுத்தீங்க?"

"அவன் கல்யாணத்துக்கு முன்னாடி நான் செஞ்ச காரியத்தைக் கேட்டா இப்படிக் கேக்க மாட்டீங்க."

"என்ன செஞ்சீங்க?"

மகள் ஆபீசிலிருந்து வந்தபோது இருவரும் கட்டிலில் சப்பணமிட்டு எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். கணவனின் கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"தூங்கவே இல்லையா நீங்க?"

"உன் பெரிய மாமா ஒரு கொலைகாரர். உனக்குத் தெரியுமா?"

"முயற்சிதான் மாப்பிள்ளை" என்றார் மாமனார். "நானும் அப்படித்தான்."

அவள் கைப்பையைக் கூட இறக்கி வைக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நர்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, உடம்பு சரியில்லை, இன்றைக்கு லீவு என்றான்.