மணப்பெண் பேசக்கூடாது

படகு தீவுக் கரையில் முட்டியதுமே மில்கா ஆரம்பித்துவிட்டாள்.

"டிரைவர் தம்பி, உன் வித்தையைக் காட்டு. இன்னைக்கு யாரைத் தூக்கப்போற?"

மாரிபோர் நகரிலிருந்து அவளோடு சுற்றுலா வந்திருந்த மற்ற ஓய்வுபெற்ற ஆசிரியைகள் கைதட்டினார்கள். வழிகாட்டி ஸாலா சட்டையை நீவிக்கொண்டாள். பிளெட் ஏரித் தீவின் தேவாலயத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளை பெண்ணைத் தூக்கிக்கொண்டு அத்தனை படிகளும் ஏற வேண்டும். மேலே போய்ச் சேரும்வரை பெண் வாய் திறக்கக் கூடாது. வரும் கூட்டத்துக்கெல்லாம் அதை நடித்துக் காட்டுவது அவர்கள் பேருந்தின் வழக்கம். ஆறு கோடைகளாக ஓட்டுநர் கோராஸ்த் தூக்கியது ஸாலாவைத்தான். அவன் கல்யாணப் பேச்சை எடுத்ததில்லை. எடுப்பான் என்று அவள் காத்திருந்தாள்.

"சின்னவளைத் தூக்குப்பா," என்றாள் மில்கா. "ஸாலாவைத் தூக்கி இடுப்பு போச்சுன்னா, திரும்ப பஸ்ஸை யாரு ஓட்டறது? நானா?"

சின்னவள் நேஷா, இந்தக் கோடையில் வழிகாட்டிப் பயிற்சிக்கு வந்தவள். கோராஸ்த் ஸாலாவைப் பார்த்தான்.

"உனக்கும் இன்னைக்கு ஒரு ஓய்வு."

சொல்லிவிட்டு நேஷாவை அள்ளிக்கொண்டான். அவள் கை அவன் கழுத்தைச் சுற்றியது. காலருக்குக் கீழே வெயில் படாத வெள்ளைக் கோடு ஒன்று உண்டு. அது தனக்கு மட்டும் தெரிந்த இடம் என்று ஸாலா நினைத்திருந்தாள். நேஷாவின் விரல் சரியாக அங்கே இருந்தது.

ஸாலா பக்கத்திலேயே படியேறினாள். யாராவது தப்பாகச் சொன்னால் நேஷாவுக்குப் பொறுக்காது. நேற்று ப்டூய் கோட்டையில் ஸாலா ஒரே ஒரு வருஷத்தை மாற்றிச் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் திருத்தியவள். அவளைப் பேச வைத்தால் போதும். பேசினால் ராசி போய்விடும்.

"மேல இருக்கிற மணிக்கு முன்னாடி இன்னொரு மணி இருந்துச்சு," என்றாள் ஸாலா, குரலை உயர்த்தி. "ஒரு பணக்காரன் தன் புதுப் பெண்டாட்டிக்காகச் செஞ்ச மணி. படகுல வரும்போது மூத்தவ அதை ஏரியில தள்ளிட்டா."

நேஷாவின் முகம் சிவந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த மூத்தவளும் வழிகாட்டியா இருந்தாளா?" என்றாள் மில்கா. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

ஸாலாவின் காது சுட்டது. "இந்தத் தேவாலயமே அவ கட்டினதுதான்," என்று இன்னொன்றையும் சேர்த்தாள்.

நேஷா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பேசவில்லை.

கோராஸ்த் நின்றான். மூச்சு வாங்கியது. "அது இல்லையே ஸாலா. புருஷனைக் கொள்ளைக்காரங்க கொன்னுட்டாங்க. அந்த விதவை தன்கிட்ட இருந்த தங்கம், வெள்ளியை எல்லாம் உருக்கி மணி செஞ்சா. புயல்ல படகோட அதுவும் முழுகிடுச்சு."

எல்லாம் ஸாலாவின் சொற்கள். அவள் நிறுத்தும் இடத்திலேயே நிறுத்தினான்.

"உனக்கெப்படி இவ்வளவும் தெரியும்?" என்றாள் ஸாலா.

"ஆறு வருஷமா என் கையில உட்கார்ந்துகிட்டு நீதானே சொன்ன? சாலை, கோட்டை, மணி, ஒண்ணு விடாம." அவன் நேஷாவைச் சற்று மேலே ஏற்றிப் பிடித்தான். "ஒரு தடவையாவது மணப்பெண் மாதிரி நீ பேசாம வருவேன்னு பார்த்தேன். நீ வரவே இல்ல. சரி, உனக்கு இதெல்லாம் வேலைதான்னு விட்டுட்டேன்."

அவன் மேலே போனான். ஸாலா அந்தப் படியிலேயே நின்றாள். ஆசிரியைகள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

உச்சியில் கைதட்டல் எழுந்தது. பிறகு தேவாலயத்துக்குள்ளே மணி அடித்தது. கயிற்றை இழுத்து மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டால் பலிக்கும் என்பார்கள். நேஷா என்ன நினைத்திருப்பாள் என்று ஸாலாவுக்குத் தெரியும். அவளும் ஆறு கோடைகளாக அதையேதான் நினைத்தாள்.

"ஸாலா, அந்த விதவை அப்புறம் என்ன ஆனா?" வாசலிலிருந்து மில்கா கேட்டாள்.

ஸாலா ஏரியைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து நேஷாவின் குரல் வந்தது, அடக்கி வைத்ததெல்லாம் உடைந்த வேகத்தில்.

"ரோமுக்குப் போயிட்டா! கன்னியாஸ்திரியாவே இருந்து செத்துப்போனா!"