ஒரு புகாரும் இல்லாத வீடு

அந்த வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு மேற்குத் தாழ்வாரக் குளியலறைக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தோம். டப்ளினிலிருந்து வந்த ஆய்வாளர் மிஸஸ் ரோச். இல்லத்தின் பொறுப்பாளரான என் மகள் டிம்ப்னா. நர்ஸ் ஜின்ஸி. தோளில் துண்டோடு குளிக்க வந்து நின்ற பேக்கி மெக்கோல்ட்ரிக். ஐந்தாவது ஆள் நான், ஆம்ப்ரோஸ் கலோக்லி. காவல்துறையில் முப்பத்தொரு வருடம் இருந்து சார்ஜென்டாக ஓய்வு பெற்றவன். வேறு யாரும் அங்கே இல்லை.

எங்கள் முதியோர் இல்லத்தின் பெயர்ப்பலகையில் ஒரு புனிதரின் பெயர் இருக்கிறது. எங்கள் லீட்ரிம் மாவட்டத்தில் அதை யாரும் சொல்வதில்லை; கலோக்லி வீடு என்றுதான் சொல்வார்கள். என் மனைவி அட்ராக்டா எங்கள் சொந்த நிலத்தில் கட்டியது. அவள் போன பிறகு டிம்ப்னா நடத்துகிறாள். முப்பத்தெட்டு பேர் இருக்கிறோம். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நானும் அங்கே ஏழாம் எண் அறையில் இருக்கிறேன். அந்த வீட்டைப் பற்றித் தாழ்வாக ஒரு சொல் சொன்னால் அது என் குடும்பத்தைச் சொன்னதுதான்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். எங்களுடையது ஜூனில் முடிவதாக இருந்தது. அதற்கு முன் ஆய்வாளர் வருவார் என்று தெரியும், என்றைக்கு என்று தெரியாது. அவர்கள் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அறிக்கை மோசமாக வந்தால் புதிதாக ஆள் சேர்க்கத் தடை போடுவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு இல்லம் அப்படித்தான் ஆறே மாதத்தில் மூடிப்போனது. டிம்ப்னா இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசல் மணி அடித்தது. நீல மழைக்கோட்டு, கையில் ஒரு பை. டிம்ப்னா டீ குடிக்கிறீர்களா என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவையும் சொல்வதுண்டு. மிஸஸ் ரோச் மூன்றாம் தடவையும் வேண்டாம் என்றார். அவர் விருந்தாளியாக வரவில்லை என்று அப்போதே தெரிந்தது.

அவர் முதல் ஒரு மணி நேரம் எதையும் கேட்கவில்லை. கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, யார் யாருடன் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசல் நடையில் கயிற்றில் தொங்கும் புகார்ப் புத்தகத்தை எடுத்தார். அதில் இரண்டு வருடமாக ஒரு வரி கிடையாது. ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். வெள்ளைப் பக்கத்தைப் புரட்ட அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

அந்த வெள்ளைப் பக்கங்கள் என் வேலை. காவல் நிலையத்தில் இருந்தபோது, பக்கத்து வீட்டுக் காளை வயலில் இறங்கிவிட்டதென்று ஒருவன் கொதித்துக்கொண்டு வந்தால் நான் உடனே புத்தகத்தைத் திறக்க மாட்டேன். வெளியே மதில் பக்கம் அழைத்துப் போவேன். "எழுதிட்டா எழுதினதுதான்பா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் ஒரே கோயில்லதானே பூசை பாக்கணும்?" என்பேன். பாதிப் பேர் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். மீதிப் பேருக்காக நானே போய் காளைக்காரனிடம் பேசுவேன். இங்கேயும் அதையேதான் செய்தேன். சூப் ஆறியிருந்தது, சட்டை காணாமல் போனது, தொலைக்காட்சிச் சத்தம், எதுவானாலும் என்னிடம் வந்தார்கள். நான் பேசி முடித்தேன். டிம்ப்னாவின் பெயருக்கு எதிரே மை படவில்லை.

ஆய்வாளர் வருவதற்கு மூன்று வாரத்துக்கு முன், எங்களோடு இல்லத்தில் இருக்கும் நோரா கீவனி என்னிடம் வந்தாள். தபால் நிலையத்தில் நாற்பது வருடம் இருந்தவள், ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்லாதவள்.

"சார்ஜென்ட், மேற்குப் பக்கத்து ஷவர் மதியத்துல சுடுது. கோழி இறகு பிடுங்கலாம், அவ்வளவு சூடு. புத்தகத்துல எழுதவா?"

"எழுத வேண்டாம் நோரா. நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்களா, இல்ல பேசிக்கிட்டே இருப்பீங்களா?"

இல்லத்தில் பழுதுபார்க்கிற ஆளை அனுப்பினேன். அவன் காலையில் போய்ப் பார்த்தான், சரியாக இருக்கிறது என்றான். கிழவிக்குத் தோல் மெலிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆய்வுக்கு முந்தின நாள், புதன்கிழமை மதியம், எதற்கும் பார்ப்போம் என்று போய் நானே கையை நீட்டினேன். முதலில் இதமாக வந்தது. பிறகு திடீரென்று கொதித்தது. மணிக்கட்டு சிவந்துவிட்டது. காலை முழுவதும் சலவை மிஷின்கள் வெந்நீரை இழுத்துக்கொள்கின்றன. ஒரு மணிக்கு அவை நின்றதும் அந்தக் குழாயில் சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு தாங்குவதில்லை. எனக்குத் தெரிந்த பிளம்பரிடம் சனிக்கிழமை சத்தமில்லாமல் வந்து மாற்றிவிட்டுப் போகச் சொன்னேன். டிம்ப்னாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பதிவேட்டில் எழுதுவாள். எழுதினால் ஆய்வாளர் படிப்பார். நான் நினைத்தது அவ்வளவுதான். சட்டைக் கையை இறக்கி மணிக்கட்டை மறைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மிஸஸ் ரோச் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு குழாய் குழாயாகப் போனார். நான் நடைப்பயிற்சி செய்பவனைப் போல நடைசட்டத்தைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். நாற்பத்து மூன்று டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. கிழக்குப் பக்கம் நாற்பத்தொன்று. நடு அறை நாற்பத்திரண்டு. மேற்குக் குளியலறைக்குள் அவர் போனபோது நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வெளியே வந்து ஜின்ஸியிடம் சொன்னார்: "நாப்பத்தொண்ணு." சலவை மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. எதிர் நாற்காலியில் பின்னிக்கொண்டிருந்த நோரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பின்னலுக்குக் குனிந்தாள்.

பிழைத்தோம் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேஜையில் உட்காரும்போதுதான் அன்று வியாழக்கிழமை என்பது உறைத்தது. வியாழன் மதியம் பேக்கி குளிக்கிற நாள்; போன வாரங்களில் அவன் தப்பியது அதிர்ஷ்டம்தான். அவனுக்குச் சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. சொந்த வீட்டில் இருந்தபோது அடுப்பருகே காலை நீட்டி உட்கார்ந்து, காலுறை கருகும் நாற்றம் வந்த பிறகுதான் வெந்தது அவனுக்குத் தெரிந்தது. பெண்கள் குளிப்பாட்டக் கூடாது என்று பிடிவாதம். நர்ஸ் கதவுக்கு வெளியேதான் நிற்பாள்.

"பேக்கி, இன்னைக்குக் குளியலை விட்டுடு" என்றேன் குரலைத் தாழ்த்தி.

"ஏன், நாத்தம் பழகிப்போச்சா?"

"வெளியில காத்து அடிக்குது. சளி பிடிக்கும்."

"நான் என்ன வயல்லயா குளிக்கிறேன்? நாளைக்கு என் தங்கச்சி மக பாஸ்டன்லேர்ந்து வர்றா. ஆட்டுக்கிடா மாதிரி மணத்துக்கிட்டு அவ முன்னால உக்காரச் சொல்றீங்களா?"

"நாளைக்குக் காலையில குளி."

"வியாழக்கிழமைதான் என் முறை. டிராக்டர்ல விளக்கு எரியலன்னு எனக்கு நாலு தடவை ஃபைன் போட்ட மனுஷன் நீங்க. இப்ப முறையை மாத்தச் சொல்றீங்க! கேட்டீங்களா எல்லாரும்?"

முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் வாயில் இருக்க அவன் சிரித்த சிரிப்பில், இரண்டு மேஜை தள்ளியிருந்த மிஸஸ் ரோச் தலையை நிமிர்த்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு மணிக்கு அவர் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு, தாழ்வாரம் முழுவதும் தெரியும். மேஜையில் அந்தப் புத்தகம் இருந்தது.

"முப்பத்தெட்டு பேரு, ரெண்டு வருஷம், ஒரு புகார் இல்ல. எப்படி மிஸ்டர் கலோக்லி?"

"நல்ல வீடு, மேடம்."

"நல்ல வீட்டுல சூப் ஆறாதா?"

"ஆறும். வாயால சொல்லிக்குவோம்."

"யார்கிட்ட சொல்வீங்க?"

"என்கிட்ட."

அவர் எதையோ எழுதினார். "நீங்க பொறுப்பாளரோட அப்பா. உங்ககிட்ட வந்த விஷயம் அப்புறம் எங்க போகும்?"

காவல் நிலையத்தில் அந்த மாதிரிக் கேள்வியை நான்தான் மற்றவர்களிடம் கேட்பேன்.

"எழுதின புகாரைப் பாத்து நான் பயப்படறதில்ல" என்றார். "வெள்ளைப் பக்கம்தான் என்னைப் பயமுறுத்தும். சரி, மத்ததெல்லாம் நல்லாவே இருக்கு. மூணு மணிக்குக் கெளம்பறேன். நீங்க சொல்ல ஏதாவது இருக்கா?"

"இல்ல" என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து. கண்ணாடிக்கு அப்பால் பேக்கி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எதையோ முணுமுணுத்துப் பாடியபடி போய்க்கொண்டிருந்தான். எழுந்து போய் ஏதாவது சொல்லித் தடுக்கலாம். ஆனால் என் நடைக்கு அந்தத் தாழ்வாரம் ஐந்து நிமிடம். அவன் கதவை நெருங்கிவிட்டான். அறையில் ஓடக்கூடிய கால் உள்ளவர் ஒருவர்தான்.

"மேற்குப் பக்கத்து ஷவரை நிறுத்துங்க" என்றேன். "மதியத்துல தண்ணி கொதிக்கும். அவனுக்குக் கால்ல உணர்ச்சி இல்ல."

ஏன், எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, ஓடினார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பேக்கி துண்டோடு வாசலில் நின்று திட்டிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு டிம்ப்னாவும் வந்துவிட்டாள். உள்ளே ஜின்ஸி குழாயைத் திறந்து பிடித்திருக்க, மிஸஸ் ரோச் தெர்மாமீட்டரை நீட்டியிருந்தார். "நாப்பத்திரண்டு" என்றார். சற்று நேரம் கழித்து "நாப்பத்தொம்பது." பிறகு "அம்பத்தெட்டு." ஆவியில் ஜின்ஸியின் மூக்குக் கண்ணாடி மறைந்துவிட்டது.

"கடவுளே" என்றான் பேக்கி. "இதுக்குத்தான் சளி பிடிக்கும்னீங்களா, சார்ஜென்ட்?"

டிம்ப்னா என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா அப்பா?"

"தெரியும்."

"எத்தனை நாளா?"

"என் காதுக்கு வந்து மூணு வாரம். நேத்து நானே கையை வெச்சுப் பாத்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன் பேருக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னுதான்."

"என் பேரா? பேக்கியோட கால் வெந்து போயிருந்தா எந்தப் பேரைச் சொல்லிக்கிட்டு நான் அவர் சொந்தக்காரங்க முன்னால நின்னிருப்பேன்?"

என் மகள் மற்றவர் முன்னால் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் சொன்னது சரி.

குளியலறையைப் பூட்டினார்கள். ஐந்து மணிக்குள் பக்கத்து ஊரான கேரிக்கிலிருந்து ஆள் வந்து வால்வை மாற்றினான். அறிக்கை ஏழு வாரம் கழித்து வந்தது. தண்ணீரைப் பற்றி நாலு வரி. புகார்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம். இரண்டிலும் விதிப்படி இல்லை என்று போட்டிருந்தார்கள். உரிமம் ஒரு நிபந்தனையோடு புதுப்பிக்கப்பட்டது: நடத்துகிறவர் குடும்பத்தைச் சேர்ந்த எவரும் புகார்களைக் கையாளக் கூடாது. அந்த வரியை டிம்ப்னா எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நான் நேராக உட்கார்ந்து கேட்டேன்.

அறிக்கை வெளியே போன பிறகு பூசை முடிந்து நிற்கும் இடங்களிலும் கடைகளிலும் ஒரு பேச்சு நடக்கிறது. நோரா கீவனி டப்ளினுக்குக் கடிதம் எழுதித்தான் ஆய்வாளர் வந்தார் என்றும், உண்ட வீட்டை அவள் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்றும் சொல்கிறார்கள். எங்கள் கூடத்திலேயே இரண்டு பேர் அவள் பக்கத்தில் உட்காருவதில்லை.

நோரா எந்தக் கடிதமும் எழுதவில்லை. ஆய்வாளரிடம் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னது நான்.